பஸ்ஸில் இருக்கும் ‘இல்’

ஜொகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸ் போகிறவர், 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட கடற்பாலத்தை எதில் கடந்தாலும் தமிழில் ஒரே உருபு போதும்: பஸ்ஸில், காரில், மோட்டார் சைக்கிளில்.

ஆங்கிலத்துக்கு மாறியதும் வழி பிரிகிறது. எப்படி வந்தீர்கள் என்றால் ‘பை பஸ்’. இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்றால் ‘ஆன் தி பஸ்’. அதே ஆள் காரில் இருந்தால் ‘இன் தி கார்’. எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், கப்பல், விமானத்துக்கு ‘ஆன்’. குனிந்து நுழைந்து உட்காரும் காருக்கும் டாக்சிக்கும் ‘இன்’. மேலே அமர்ந்து ஓட்டுவதால் மோட்டார் சைக்கிளுக்கும் ‘ஆன்’தான்.

‘பை’ பழைய ஆங்கிலத்தில் அருகு, பக்கம் என்று பொருள்பட்ட சொல். ‘பிஹைண்ட்’, ‘பிட்வீன்’ இரண்டின் தலையிலும் நிற்கும் ‘பி’ அதுவே.

நம் ‘இல்’லின் கதை இன்னும் சுவையானது. வீடு, இடம் எனப் பொருள்படும் பெயர்ச்சொல்லே உருபாயிற்று என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. இல்லறம், இல்லாள், கோயில் எல்லாவற்றிலும் அந்த வீடு இருக்கிறது. ஏழாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியம் தரும் உருபு ‘கண்’. இன்றைய பேச்சில் அந்த இடம் ‘இல்’லுக்கே.

மலாயில் ‘இல்’லின் வேலையைச் செய்யும் ‘டி’ சொல்லுக்கு முன்னே வரும். ‘டி சினி’ என்றால் இங்கே. மலேசிய ஆங்கிலப் பேச்சில் கேட்கும் ‘அட் ஹியர்’ அதன் நேர்ப்பெயர்ப்பு. எழுதும்போது கவனம் வேண்டும்: வீட்டில் என்னும் ‘டி ருமா’வில் இடைவெளி உண்டு, உண்ணப்பட்டது என்னும் ‘டிமாக்கான்’ சேர்ந்தே நிற்கும்.