சுழலாத பம்பின் கதை

பம்பு என்றால் மோட்டார் சுழல வேண்டும், பிஸ்டன் ஓட வேண்டும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத பம்பு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் டிஃப்யூஷன் பம்ப். இந்தியாவின் அணு ஆராய்ச்சியை ஒரு காலத்தில் காக்க வைத்ததே இந்த மாதிரி வெற்றிட பம்புகள்தான்!

1915-ல் ஜெர்மானியரான வோல்ஃப்காங் கேடே பாதரச ஆவியால் இயங்கும் டிஃப்யூஷன் பம்பை அறிவித்தார். மறு ஆண்டே அமெரிக்காவில் இர்விங் லாங்மியூர் அதை மேம்படுத்தினார். 1928-ல் இங்கிலாந்தின் பர்ச், பாதரசத்துக்குப் பதில் எண்ணெயைப் பயன்படுத்திக் காட்டினார்.

இது வேலை செய்யும் விதம் எளிது. முதலில் சாதாரண ரோட்டரி பம்பு பெரும்பாலான காற்றை உறிஞ்சிவிடும். பிறகு அடியில் உள்ள ஹீட்டர் எண்ணெயைக் கொதிக்க வைக்கும். ஆவி மேலே ஏறி, குடை போன்ற மூடிகளில் மோதி, அதிவேகத்தில் கீழ்நோக்கிப் பாயும். வழிதவறி வரும் காற்று மூலக்கூறுகளைக் கனமான எண்ணெய் மூலக்கூறுகள் இடித்துக் கீழே தள்ளும். அங்கிருந்து ரோட்டரி பம்பு அவற்றை வெளியேற்றும். ஆவியோ, தண்ணீரால் குளிர்ந்த சுவரில் பட்டு மீண்டும் எண்ணெயாகி அடியில் சேரும். சாதாரணமாக 760 மி.மீ. இருக்கும் காற்றழுத்தம் இப்படி ஒரு மி.மீ.யில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும்.

இனி கல்கத்தா. 1940-களில் மேகநாத் சாஹா அங்கே சைக்ளோட்ரான் அமைக்க முனைந்தார். காந்தத்துக்கான பாகங்கள் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தன. வெற்றிட பம்புகளோ, இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் மூழ்கடித்த கப்பலோடு கடலுக்குள் போயின. உள்ளே காற்று இருந்தால் துகள்கள் அதில் மோதிச் சிதறிவிடும்; காந்தம் இருந்தும் பயனில்லை. உள்ளூரிலேயே பம்பு செய்யும் முயற்சி எளிதில் கைகூடவில்லை. திட்டம் பல ஆண்டுகள் தள்ளிப்போனது. ஒரு பொருளுக்கு இறக்குமதியை மட்டுமே நம்பினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா?

1965-ல் பெங்களூரில் ஹிந்த் ஹை வேக்குவம் தொடங்கப்பட்டு, வெற்றிடக் கருவிகள் இங்கேயே தயாராகத் தொடங்கின. 1986-ல் திறக்கப்பட்ட காவலூர் தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடிக்கு அலுமினியம் பூசுவதும் வெற்றிட அறையில்தான். சென்னையின் மேற்குப் புறநகருக்கும் இதில் பங்குண்டு. பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசை அருகே புதுச்சத்திரத்தில் 1990-களில் இந்தியா ஜப்பான் லைட்டிங் என்ற வாகன விளக்குத் தொழிற்சாலை வந்தது. ஹெட்லைட்டின் உள்ளே கண்ணாடி போலப் பளபளப்பதும் வெற்றிடத்தில் ஆவியாகிப் படிந்த அலுமினியம்தான்.

சிப் தயாரிப்பில், எண்ணெய் ஆவி திரும்பி வந்துவிடக்கூடாது என்பதால், டர்போ பம்புகள் வந்துவிட்டன. ஆனாலும் பூச்சு வேலைக்கும் வெற்றிட உலைகளுக்கும் டிஃப்யூஷன் பம்பு இன்றும் உழைக்கிறது. அதற்குத் தேவை மின்சாரமும் எண்ணெயும் தண்ணீரும்தான். அது கடலோடு போனால், இனி அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை!