பிரெஞ்சுப் புரட்சியும் நம் எல்லைப்புறத் திருச்சபைகளும்

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு ஊர்களிலிருந்தும் புதுச்சேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விழுப்புரத்திலிருந்து கிழக்கே செல்லும் சாலை, நெடுங்காலம் இரண்டு அரசுகளின் எல்லையைக் கடந்து சென்ற சாலையாகும். ஆகவே, 1789ஆம் ஆண்டு பிரான்சில் மன்னராட்சிக்கு எதிராக எழுந்த மக்கள் புரட்சியை ஐரோப்பியரின் கதையென மட்டும் கருதி நாம் ஒதுக்கிவிட இயலாது. மனிதர் யாவரும் உரிமையில் சமமானவர் என்ற அறிக்கை நம் வாசல்வரை வந்தது. வந்தது உள்ளே நுழையாமல் நின்றது எதனால் என்பதே நாம் இங்கு ஆராய விழையும் வினா.

1789 ஜூலை 14இல் பாஸ்டில் சிறை வீழ்ந்தது. ஆகஸ்டு 26இல் தேசியப் பேரவை மனித உரிமை அறிக்கையை ஏற்றது. பிரான்சின் புராட்டஸ்டண்டு மக்களுக்கு இது பெரும் விடுதலையாயிற்று. ஒரு நூற்றாண்டுக் காலம் மறைவிடங்களில் ஆராதித்து வந்த அவர்கள், அவ்வாண்டு டிசம்பரில் அரசுப் பதவிகளுக்கும் உரியவராயினர். நீம் நகரப் போதகரான ரபோ சேந்த் எத்தியேன், 1790 மார்ச்சில் தேசியப் பேரவையின் தலைவராகவே தெரிவு செய்யப்பட்டார். ஆனால், 1793 டிசம்பர் 5இல் அதே புரட்சி அவரைக் கொலைக்களத்திற்கு அனுப்பியது. விடுதலை தந்த கை வாளையும் ஏந்தியதை நாம் மறைக்கலாகாது.

1790ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புரட்சிச் செய்தி கப்பல் வழியே புதுச்சேரியை எட்டியது. ஐரோப்பியக் குடிகள் கூடிப் பேரவை அமைத்தனர். பின்னர் 21 உறுப்பினர் கொண்ட குடியேற்றப் பேரவை ஏற்பட்டது. அதில் புதுச்சேரிக்கு 15 இடங்களும், சந்திரநாகூருக்கு 3 இடங்களும், காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவற்றுக்கு ஒவ்வோரிடமும் ஒதுக்கப்பட்டன. ஊரில் பெருந்தொகையினராய் இருந்த தமிழருக்கு அதில் இடமில்லை. நயினார் பொறுப்பிலிருந்த இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரையிலான நிகழ்ச்சிகளைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். நிகழ்ந்ததைக் காணவும் எழுதவும் தமிழருக்குக் கண்ணும் கையும் இருந்தன. வாக்கு மட்டும் வழங்கப்படவில்லை.

1793 ஜனவரி 21இல் பதினாறாம் லூயி மன்னர் கொல்லப்பட்டார். பிப்ரவரியில் பிரான்சு இங்கிலாந்தின்மீது போர் தொடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 23இல், கர்னல் பிரெய்த்வெயிட் தலைமையிலான கும்பினிப் படையிடம் புதுச்சேரி சரணடைந்தது. விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய கர்நாடக நவாபின் சீமை 1801இல் கும்பினியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. 1816இல் புதுச்சேரி மட்டும் பிரான்சிடம் திரும்பியது. எல்லைக் கோடு மீண்டும் நம் ஊர்களுக்கிடையே ஓடலாயிற்று.

1848இல் பிரான்சில் மன்னராட்சி மறுபடியும் வீழ்ந்தது. இம்முறை வாக்குரிமை பிரெஞ்சு இந்தியாவின் தமிழ் ஆண்களுக்கும் நீண்டது. எனினும் விரைவில் பறிபோயிற்று. 1871க்குப்பின் அது மீண்டு நிலைத்தது. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை காலணியுடன் நீதிமன்றம் புகுந்ததற்காகத் தடுக்கப்பட்டார். பாரிசின் மேல்நீதிமன்றம்வரை வழக்காடி வென்றார். 1881 செப்டம்பர் 21ஆம் நாளாணை, சாதி சமய வழக்காறுகளுக்குரிய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வர வழி திறந்தது. அவ்வாறு துறந்தவருள் கிறிஸ்தவரும் ஒடுக்கப்பட்டோரும் மிகுதி. ஆயினும் சாதித் தலைமை தளரவில்லை. வாக்குப் பெட்டியையே தன் கருவியாக்கிக் கொண்டது. சண்முக வேலாயுத முதலியாரின் கட்சி நெடுங்காலம் தேர்தல்களை ஆட்டிப் படைத்தது. சட்டம் சமத்துவத்தை எழுதிற்று. தெருவும் வீடும் அதனைப் படிக்க மறுத்தன.

இதைக் கூறி அரசைக் குறைகாண்பது எளிது. எல்லைக்கு இப்பால் நம் திருச்சபைகள் செய்ததென்ன? 1833இல் பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு ஒழிய வேண்டுமெனக் கட்டளையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினரேயன்றிச் சாதியை விட்டு விலகவில்லை. கார்ல் கிரவுலின் தலைமையில் லைப்சிக் மிஷன் சாதியைப் பொறுமையாய்த் திருத்தலாம் என்றது. அதற்கு உடன்படாத கார்ல் ஓக்ஸ் அம்மிஷனைவிட்டு வெளியேறினார். விழுப்புரத்திற்கும் கடலூருக்கும் இடையிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய ஊழியம், 1860களில் டேனிஷ் மிஷனின் ஊழியமாயிற்று. திண்டிவனத்தில் ஊழியம் செய்த அமெரிக்க ஆற்காடு மிஷனும் சபைக்குள் சாதிக்கு இடமளிக்க மறுத்தது. இவர்கள் யாவரும் பெரும்படை நடத்தியவரல்லர். ஆயினும், யார் யாருடன் ஒரே பாத்திரத்தில் பருகுவது என்னும் வினாவைத் திருவிருந்துப் பந்தியிலேயே எழுப்பினர். பாரிசின் பேரவை எழுப்பாத வினா அது.

ஆகவே நாம் கற்கும் பாடம் ஒன்றுண்டு. அரசன் தலையை வாங்குவதால் மட்டும் மனிதன் சமமாகிவிடுவதில்லை. அருளுரையில் சமத்துவத்தைப் போதிப்பதும் அதற்குப் போதாது. உரிமை, உண்ணும் பந்தியிலும் மணவுறவிலும் அடக்க நிலத்திலும் மெய்ப்பட வேண்டும். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைத் திருமுழுக்கின்போது வாசிக்கும் சபை, அதே மக்களை அடக்கம் செய்ய இரு வேறு கல்லறைத் தோட்டங்களை வைத்திருக்குமாயின், அது புதுச்சேரிப் பேரவையைக் குறைகூறும் தகுதியை இழந்துவிடுகிறது.

1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவின் ஆட்சிக்குள் வந்தது. விழுப்புரம் சாலையிலிருந்த அயல்நாட்டு எல்லை மறைந்தது. ஊருக்கும் சேரிக்கும் இடையிலுள்ள எல்லையை அகற்ற எந்த ஒப்பந்தமும் வரப்போவதில்லை. அப்பணி, ஞாயிறுதோறும் அவ்விரு பகுதியினரையும் ஒரே பந்திக்கு அழைக்கும் நம்மிடமே விடப்பட்டுள்ளது.