பட்டுக்கோட்டைக் கொசுக்களும் இரண்டாம் உலகப்போரும்

தஞ்சை மாவட்டம் என்றால் நெல்தான் நினைவுக்கு வரும். ராணுவ மருத்துவத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது.

1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததும், கல்லணைக் கால்வாய் (ஊர் வழக்கில் புதாறு) வழியாக ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குக் காவிரி வந்தது. கூடவே மலேரியாவும் வந்தது. பழைய டெல்டாவில் இந்நோய் அவ்வளவாக இல்லை. புதிய பாசனப் பகுதியிலோ கரை போட மண் வெட்டிய குழிகள், கசிவு நீர், புதிதாக நட்ட வயல்கள் என்று அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசுவுக்கு எங்கும் இடம் கிடைத்தது.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் அமெரிக்க மருத்துவர் பால் ரஸ்ஸல் 1930களின் பிற்பகுதியில் பட்டுக்கோட்டையில் ஆய்வு செய்தார். அவரும் டி. ராமச்சந்திர ராவும் கண்டுபிடித்த ஒரு விஷயம் சுவையானது. நாற்று சுமார் ஓரடி வளர்ந்துவிட்டால் இந்தக் கொசு அந்த வயலில் முட்டையிடுவதில்லை. காரணம் நிழல் அல்ல, பயிர் வழிமறிப்பதுதான்! நடவு முடிந்த முதல் சில வாரங்கள்தான் ஆபத்து.

வயல், குழி எல்லாவற்றிலும் புழுவை ஒழிப்பது ஆகாத காரியம். ஆனால் கொசு பகலில் வீட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும்தான் ஒதுங்கும். ஆகவே ரஸ்ஸலும் பொறியாளர் நைப்பும் வாரம் ஒருமுறை வீடு வீடாகப் பைரெத்ரம் (செவ்வந்தி வகைப் பூவிலிருந்து எடுப்பது) தெளித்துப் பார்த்தார்கள். மலேரியா குறைந்தது.

பிறகு போர் வந்தது. 1942ல் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் நேச நாடுகளுக்குக் கொய்னா வரத்து நின்றது. நியூகினியில் வீரர்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். ராணுவ மருத்துவராகிவிட்ட ரஸ்ஸல் 1943ல் தளபதி மக்ஆர்தரைச் சந்தித்தார். எதிரியின் முன் ஒரு டிவிஷன் நின்றால், இன்னொன்று மலேரியாவோடு மருத்துவமனையிலும் மூன்றாவது ஒன்று தேறிக்கொண்டும் இருக்கிறது என்பது தளபதியின் கவலை.

பட்டுக்கோட்டை முறை அப்படியே அங்கே செல்லாது. காட்டில் கிடக்கும் சிப்பாய்க்குச் சுவர் ஏது? அங்கே கைகொடுத்தது தினசரி அடாப்ரின் மாத்திரை. தோல் மஞ்சளாகும், குமட்டும். எனவே விழுங்க வைப்பதை அதிகாரிகளின் பொறுப்பாக்கினார்கள். பைரெத்ரம் சிறு உலோகக் குப்பிகளில் அடைபட்டுக் கூடாரங்களுக்குப் போனது.

கடைசியில் டிடிடி வந்தது. ஒருமுறை அடித்தால் மாதக்கணக்கில் சுவரில் நிற்கும். வாராவாரம் போக வேண்டியதில்லை. 1953ல் இந்தியா தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டமும் வீட்டுச் சுவர்களில் டிடிடி தெளிப்பதையே நம்பியது. அந்த டிடிடியைத் தாங்கப் பழகிக்கொண்ட கொசுக்களில் குலிசிஃபேசிஸும் ஒன்று.