நகரத்துக்கு நாடி பார்த்தவர்

புவியியலிலும் நகர ஆய்விலும் இன்று முதுமாணி, கலாநிதிப் பட்டங்கள் வரை படிக்கலாம். அந்தப் படிப்புக்கு வழி திறந்தவர்களுள் ஒருவரான பற்றிக் கெடிஸ் தாம் எந்தப் பட்டமும் பெற்றவரல்லர். 1854இல் ஸ்கொட்லாந்தில் பிறந்து, இலண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றவர். 1879இல் மெக்சிக்கோவுக்கு ஆய்வுக்குப் போன இடத்தில் கண்பார்வை பாதிக்கப்பட்டது. பார்வை திரும்பினாலும் நுணுக்குக்காட்டியுடன் நெடுநேரம் இருக்க முடியவில்லை. அவர் கவனம் மெல்ல மெல்ல ஊர்கள்மீது திரும்பியது.

எடின்பரோவில் 1892இல் அவர் எடுத்துக்கொண்ட கோபுரமே அவரது வகுப்பறை. உச்சியில் ஓர் இருட்டறை. வில்லையூடாக நகரத்தின் நடமாட்டமெல்லாம் ஒரு மேசைமீது விழும். அதற்குக் கீழே எடின்பரோ, பிறகு ஸ்கொட்லாந்து, ஐரோப்பா என்று தளம் தளமாக இறங்கினால் அடித்தளத்தில் உலகம். அவரிடம் உதவியாளராக இருந்த ஹெர்பேட்சன் பின்னர் ஒக்ஸ்போர்ட் புவியியல் பள்ளிக்குத் தலைமை தாங்கினார்.

மருத்துவராகிய என்னை அதிகம் இழுப்பது அவருடைய இந்தியப் பணிதான். 1896இல் பம்பாயில் பிளேக் பரவிய பின், நெரிசலான குடியிருப்புகளை இடித்து அகலத் தெருக்கள் போடுவது பெரிய வேலையாயிற்று. சுகாதாரம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். எங்கள் தொழிலின் பெயரால் எத்தனை வீடுகள் போயின! இடிபட்ட வீட்டுக்காரர் அடுத்த தெருவில் போய் நெருக்குவார்கள், நெரிசல் இடம் மாறுமேயன்றிக் குறையாது என்று கெடிஸ் வாதாடினார்.

1914இல் அவரது நகரக் கண்காட்சியை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. (பொல்லாத ஆளை 'எம்டன்' என்கிறோமே, அதே எம்டன்தான்.) மனிதர் அசரவில்லை. வேறு படங்கள் சேர்த்து 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மதுரை, தஞ்சாவூர்ச் சந்துகளில் நடந்து நடந்து பார்த்தார். முதலில் நோயை அறிவது, பிறகுதான் கத்தி. அதுவும் மிகக் குறைவாக. பாழடைந்த ஓரிரு வீடுகளை மட்டும் அகற்றி, அந்த வெளியில் மரம் நட்டு, மற்றவற்றை அப்படியே விடுவது அவர் வழி. நுளம்புக்குப் பயந்து குளங்களைத் தூர்க்க அதிகாரிகள் முனைந்தபோது, மீனும் வாத்தும் விடுங்கள் என்றார்.

இந்தூரில் பிளேக் நேரத்தில் அவர் செய்தது இன்னும் சுவையானது. தீபாவளி ஊர்வலம் எந்தத் தெருக்கள் சுத்தமாக உள்ளனவோ அவற்றின் வழியே போகும் என்று அறிவித்தார். ஊரே விளக்குமாறு தூக்கியது. ஊர்வலத்தில் வந்த பெரிய எலியுருவம் கடைசியில் எரிக்கப்பட்டது. சுகாதாரக் கல்வி பற்றி நான் கேட்ட விரிவுரைகள் எதிலும் இவ்வளவு கெட்டித்தனம் இருந்ததில்லை.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமூகவியலும் குடிமையியலும் கற்பிக்க அவரைப் பேராசிரியராக அமர்த்தியது. பட்டமில்லாதவர் பட்டதாரிகளுக்கு ஆசிரியரானார்.

1914இல் கொழும்புக்கும் பிளேக் வந்துவிட்டது. 1921இல் கெடிஸ் கொழும்பு நகரத்துக்கான முதல் திட்ட அறிக்கையை எழுதினார். நமது சங்கம் தொடங்கிய காலத்தை ஒட்டிய சங்கதி இது. அவருக்குப் பின் 1940இல் ஹொலிடேயும் 1948இல் அபர்குரோம்பியும் தலைநகருக்குத் திட்டம் வரைந்தார்கள். மூவருமே கடல் கடந்து வந்தவர்கள். இன்று மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலேயே நகரத் திட்டமிடல் படிக்கலாம். டெங்கு நோயாளியின் முகவரியைக் கேட்டு எழுதுவதுடன் என் வேலை முடிந்துவிடுகிறது. அந்த ஒழுங்கையில் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று போய்ப் பார்ப்பது அப்படிப் படித்தவர்களின் வேலை.