கடினநிலை (ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2)

கடினநிலை என்பது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்னும் வரலாற்று வியூக நிகழ்பட ஆட்டத்தில், கணினி நடத்தும் எதிரியின் வலிமையை ஆட்டக்காரர் முன்கூட்டியே தெரிவு செய்ய உதவும் அமைப்பாகும். என்சம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கிய இவ்வாட்டத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் 1999 ஆம் ஆண்டு வெளியிட்டது. இதன் புதுப்பிக்கப்பட்ட டெஃபினிட்டிவ் எடிஷன் 2019 நவம்பரில் வெளிவந்தது. 2022 ஏப்ரலில் வெளியான டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கம் திராவிடர், வங்காளர், கூர்ச்சரர் ஆகிய நாகரிகங்களைச் சேர்த்ததுடன், முதலாம் இராசேந்திர சோழனை மையமாகக் கொண்ட தொடர்களம் ஒன்றையும் தந்தது. தமிழக வரலாற்றில் ஆர்வம் கொண்டு இவ்வாட்டத்திற்கு வருபவர், முதல் படையைத் திரட்டும் முன்பே விடையளிக்க வேண்டிய வினா எந்த நிலையில் ஆடுவது என்பதாகும்.

நிலைகள்

தொடக்கப் பதிப்பில் மிக எளிது, வழமை, நடுத்தரம், கடினம், மிகக் கடினம் என ஐந்து நிலைகள் இருந்தன. டெஃபினிட்டிவ் எடிஷனில் இவற்றுக்கு மேல் உச்சநிலை ஒன்று சேர்க்கப்பட்டது. தொடர்களங்களுக்குரிய நிலைத்தெரிவு இதிலிருந்து வேறுபட்டது. அங்கு எதிரிப் படைகளின் அளவு, தாக்குதலின் நேரம் முதலியவற்றைக் களத்தை வடிவமைத்தவரே நிலைக்கேற்ப அமைத்து வைக்கின்றார். ஆகவே தொடர்களத்தில் கடினநிலையில் வென்ற ஒருவர், தனி ஆட்டத்திலும் அதே பெயருடைய நிலையில் வெல்வார் என்று கொள்ள இயலாது.

கணினி எதிரி இயங்கும் முறை

கணினி எதிரியின் நடத்தை, "இந்த நிபந்தனை நிறைவேறினால் இதைச் செய்" என்ற வடிவிலான விதிகளைக் கொண்ட உரைக்கோப்புகளில் எழுதப்பட்டுள்ளது. ஆட்டக்காரர்களே இத்தகைய கோப்புகளை எழுதிச் சேர்க்கவும் முடியும். நடப்பு நிலை எது என்பதை விதிகள் சோதித்து, எத்தனை வீரர்களைத் திரட்டுவது, எப்பொழுது தாக்குவது என்பவற்றை முடிவு செய்கின்றன. இக்கோப்புகளில் எளிய நிலைக்குப் பெரிய மதிப்பும் கடின நிலைக்குச் சிறிய மதிப்பும் தரப்பட்டுள்ளன. முதன்முறை விதி எழுதுவோர் பலரையும் தடுமாற வைக்கும் ஏற்பாடு இது.

ஒரு கணினி எதிரியை வலிமையாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அது நன்றாக ஆடும்படி விதிகளை மேம்படுத்துவது. மற்றொன்று, அதே ஆட்டத்தை ஆடவிட்டு அதற்கு மட்டும் கூடுதல் சலுகை தருவது. 1999 ஆம் ஆண்டுப் பதிப்பின் மிகக் கடினநிலை இரண்டாவது வழியையும் பயன்படுத்தியது. ஆட்டக்காரருக்குக் கிடைக்காத கூடுதல் வளங்கள் கணினிக்குக் கிடைத்தன. டெஃபினிட்டிவ் எடிஷனின் புதிய கணினி எதிரி உச்சநிலையிலும் இவ்வாறான சலுகை எதையும் பெறுவதில்லை.

இவ்வேறுபாடு கற்பவருக்கு முக்கியமானது. சமமான வளங்களைக் கொண்ட எதிரியிடம் தோற்றால், எதிரி செய்ததைத் தாமும் செய்திருக்க முடியும் என்று பொருள். அத்தோல்வியை ஆராய்ந்தால் பிழை எங்கே என்று தெரியும். சலுகை பெற்ற எதிரியிடம் தோற்றவர், பிழை தம்முடையதா, கணக்கே ஏறுமாறானதா என்று பிரித்தறிவது எளிதன்று.

சிவிலைசேஷன் 6 (2016) இரண்டாவது வழிக்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும். அதில் எட்டு நிலைகள் உள்ளன. நான்காவதான இளவரசர் நிலையில் இரு தரப்பும் ஏறத்தாழச் சமம். எட்டாவதான தெய்வநிலையில் கணினி மூன்று குடியேறிகளுடன் தொடங்க, ஆட்டக்காரருக்கு ஒருவரே கிடைக்கின்றார். கணினியின் உற்பத்தியும் 80 விழுக்காடு உயர்த்தப்படுகின்றது. நிலை உயர்வதால் கணினி கூர்மையாகச் சிந்திப்பதில்லை. நமது ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளுக்கு எதிரே நிற்கும் பதினைந்து ஆடுகளில் சிலவற்றைக் குறைத்து ஆடுவதும் இத்தகையதே. ஆனால் அங்கே குறைத்தது இருவர் கண்ணுக்கும் தெரியும்.

திராவிடர் நாகரிகமும் கடினநிலையும்

நிலைப்பட்டியலில் காட்டப்படாத கடினங்களும் உள்ளன. அவற்றுள் நாகரிகமும் நிலப்படமும் முதன்மையானவை. திராவிடர் காலாட்படையிலும் கடற்படையிலும் வலியவர்கள். ஒவ்வொரு காலத்திற்கு முன்னேறும்போதும் அவர்களுக்கு 200 மரம் இலவசமாகக் கிடைக்கின்றது. சுருள்வாள் வீரரும் திரிசடை என்னும் கப்பலும் இவர்களின் தனிப்படைகள். ஆனால் கனரகக் குதிரைவீரர் இவர்களுக்கு இல்லை. திறந்த சமவெளியில் விரைந்து வரும் குதிரைப்படையைத் துரத்திப் பிடிப்பது இவர்களுக்குக் கடினம். தீவுகள் நிறைந்த படத்தில் நடுத்தரமாகத் தோன்றும் எதிரி, நிலப்பரப்பில் அதே நிலையிலும் ஒரு படி கூடியவராகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இவர்களது சிறப்புத் தொழில்நுட்பங்களுள் ஒன்று ஊட்ஸ் எஃகு. இது காலாள், குதிரை ஆகியோரின் தாக்குதலை எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாததாக்குகின்றது. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்புத்தாதுவையும், ஈரோடு மாவட்டக் கொடுமணலில் அகழ்ந்தெடுக்கப்பட்ட உலைகளையும் அறிந்த கொங்குப் பகுதி மாணவர்கள் இப்பெயரைத் திரையில் காணும்போது அடையும் மகிழ்ச்சி சொல்லாமலே விளங்கும். எனினும் இத்தொழில்நுட்பம் இறுதிக் கட்டமான பேரரசுக் காலத்தில்தான் கிடைக்கும். அக்காலத்தை அடைவதற்கு மட்டும் 1000 உணவும் 800 தங்கமும் தேவை. எடுத்த எடுப்பில் உச்சநிலையைத் தெரிவு செய்பவர் எஃகைப் பார்க்கும் முன்பே ஊரை இழந்துவிடுவார். மிக எளிய நிலையிலோ எதிரி பெரும்பாலும் அசையாமல் இருப்பதால், எஃகு இல்லாமலே வென்றுவிடலாம். அது எதற்காக என்பது விளங்காது.

நிலையைத் தெரிவு செய்தல்

புதியவர் வழமை நிலையில் தொடங்கி, டெஃபினிட்டிவ் எடிஷனில் உள்ள போர்க்கலைப் பயிற்சிகளை இடையே முடிப்பது பொருத்தமானது. இப்பயிற்சிகள் செயல்திறனுக்கேற்பப் பதக்கம் வழங்குவதால் தம் தரத்தை அறியவும் பயன்படும்.

மேல்நிலைக்குச் செல்லலாமா என்பதற்கு வெற்றியைவிட நம்பகமான அளவுகோல் நகர மையத்தின் ஓய்வு நேரமாகும். ஒரு குடியானவரை உருவாக்க 50 உணவும், ஆட்டக் கடிகாரத்தின்படி 25 நொடிகளும் ஆகும். தொடக்கத்தில் மூன்று குடியானவர்களே இருப்பர். நகர மையம் முதற்கட்டத்தில் இரண்டரை நிமிடம் வெறுமனே இருந்தால் ஆறு குடியானவர்கள் குறைவர். அவர்கள் சேர்த்திருக்க வேண்டிய உணவும் மரமும் பின்னர் படையாக மாறாமல் போகும். ஆட்ட முடிவில் காட்டப்படும் புள்ளி அட்டவணையில் இந்த இழப்பின் விளைவைக் காணலாம். வென்ற ஆட்டங்களிலும் ஓய்வு நேரம் மிகுதியாக இருந்தால் அதே நிலையில் தொடர்வது நல்லது. தோற்ற ஆட்டத்தில் அது குறைவாக இருந்து, போர்க்களத்தில் மட்டும் தடுமாற்றம் இருந்தால் நிலையைத் தாழ்த்தத் தேவையில்லை. நிலப்படத்தை மாற்றிப் பார்க்கலாம். தனி ஆட்டத்தில் வேகத்தைக் குறைப்பதும் ஒரு வழி. கை வேகம் குறைந்தவர்கள் இதனை இழுக்காகக் கருத வேண்டியதில்லை.

வரலாறு கற்கும் நோக்கில் ஆடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இராசேந்திரனின் 1025 ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு எத்தனை கடினமானது என்பதை ஆட்டத்தைக் கொண்டு அளக்க இயலாது. ஆட்டத்தில் எதிரியின் வலிமை தெரிவுப்பட்டியலில் ஒரு சொடுக்கில் மாறுவது. பள்ளிக் கட்டுரைகளில் ஆட்டத்தின் படை எண்ணிக்கைகளைச் சான்றாகக் காட்டுவது தவறு.

மனிதர்களுடன் இணையத்தில் ஆடும்போது கடினநிலை என்ற தெரிவு இல்லை. சதுரங்கத்தில் வழங்கும் ஈலோ முறையை ஒத்த தரப்புள்ளிகளே எதிரியைத் தீர்மானிக்கின்றன. டெஃபினிட்டிவ் எடிஷனில் தரவரிசை ஆட்டத்திற்கு வரும் அனைவரும் 1000 புள்ளிகளுடன் தொடங்குவதால், புதியவர்களுக்கு முதற்சில ஆட்டங்கள் தோல்வியில் முடிவது வழக்கம். புள்ளிகள் இறங்கிய பின்னரே ஒத்த திறமையுடையவர் எதிரே வருவார்.