சணலும் இருப்புப்பாதையும்

கல்கத்தாவில் வாழும் தமிழ் அன்பர்கள் ஸியால்தா நிலையத்தை நன்கறிவர். புறநகர் வண்டிகளின் நெரிசலுக்குப் பேர்போன அந்நிலையம், ஒரு காலத்தில் கிழக்கு வங்காளம் முழுவதற்கும் தலைவாயிலாக விளங்கியது என்பதை இன்று நினைவுகூர்வோர் சிலரே.

1862-இல் கல்கத்தாவிலிருந்து குஷ்டியா வரை இருப்புப்பாதை போடப்பட்டது. 1871-இல் அது பத்மா நதிக்கரையிலுள்ள கோவாலந்தோவை எட்டிற்று. பிரயாணிகள் அங்கே இறங்கி நீராவிக் கப்பலேறி, டாக்காவை அடுத்த நாராயண்கஞ்சை அடைவர். 1878-இல் வடக்கே சிலிகுரி வரையிலும் பாதை நீண்டது. 1915-இல் பத்மாவின்மீது ஹார்டிஞ்ச் பாலம் திறக்கப்பட்டபின், அவ்வழியில் நதியைப் படகேறிக் கடக்கும் தொல்லையும் நீங்கிற்று.

இவ்வழிகளுக்கு உயிரூட்டிய சரக்குகளுள் தலையாயது சணல். அது பெரும்பாலும் விளைந்தது கிழக்கு வங்காளத்து வயல்களில். நெய்யப்பட்டதோ ஹூக்ளிக் கரை ஆலைகளில். 1855-இல் ரிஷ்ராவில் தொடங்கிய ஆலைத்தொழில், அவ்வயல்களின் உழவனையும் இக்கரைத் தொழிலாளியையும் ஒரே கயிற்றால் பிணைத்தது எனலாம்.

1947-இல் தோன்றிய எல்லைக்கோடு வயலை ஒருபுறமும் ஆலையை மறுபுறமும் ஆக்கிற்று. ஆயினும் கொடுக்கல் வாங்கல் உடனே அறுந்துவிடவில்லை. 1949 செப்டம்பரில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. எந்த விகிதத்தில் விலை தருவது என்ற வழக்கில் வர்த்தகம் முறிந்தது. அங்கே உழவன் சந்தையை இழந்தான். இங்கே ஆலைகள் கச்சாச் சணலின்றித் தவித்தன. 1951 பிப்ரவரியில் உடன்பாடு கண்டபோது, இந்தியா தன் மண்ணில் சணற்பயிரைப் பெருக்கவும், பாகிஸ்தான் தன் மண்ணில் ஆலைகளை நிறுவவும் முற்பட்டிருந்தன. ஒருவரிடம் இருந்ததையே மற்றவரும் புதிதாய்த் தேட நேர்ந்தது.

1965 செப்டம்பர்ப் போரினால் இரயில் தொடர்பும் துண்டிக்கப்பட்டது. ஹல்திபாரிக்கும் சிலஹாட்டிக்கும் இடையே ஓடிய வண்டி நின்றது. வங்க தேசம் உதயமானபின், 1972-இல் வர்த்தகத்திற்கும் நதிவழிப் போக்குவரத்திற்கும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. கல்கத்தா–டாக்கா பிரயாணி வண்டியோ 2008 ஏப்ரலில்தான் ஓடத் தொடங்கிற்று. ஹல்திபாரிப் பாதை 2020 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. 2024 ஜூலையில், வங்க தேசத்தில் மூண்ட கலவரத்தையொட்டிப் பிரயாணி வண்டிகள் மறுபடியும் நின்றன.

இங்கு ஓர் ஒப்பீடு கருதத்தக்கது. பிரிவினையால் துண்டிக்கப்பட்ட அஸ்ஸாமை இணைக்க, பெருநதிகளுக்குப் பாலமிட்டு, 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட புதிய பாதையைச் சுமார் 2 ஆண்டுகளில் நம் பொறியாளர் முடித்தனர். 1950 ஜனவரியில் அதில் வண்டி ஓடிற்று. ஹல்திபாரியில் விட்டுப்போன சில கிலோமீட்டரை மீண்டும் இணைப்பதற்கோ 55 ஆண்டுகள் பிடித்தன. தண்டவாளமும் பாலமும் பொறியாளரின் வேலை. அயலார் இருவர் ஒருவரையொருவர் நம்புவது அரசுகளின் வேலை. காலம் செல்வது அதற்கே. அக்காலம் முழுவதும் நட்டத்தைச் சுமந்தவர்கள் எல்லையின் இருமருங்கிலும் வாழ்ந்த எளிய மக்களே ஆவர்.