காவல் ஒன்று, வாசல் இரண்டு

கூட்டு வியாபாரத்தில் லாபத்தை எப்படிப் பிரிப்பது என்பது கூட்டாளிகளின் உரிமை. அமெரிக்கச் சட்டமும் இதை மறுக்கவில்லை; இந்தியச் சட்டமும் மறுக்கவில்லை. பிரிக்கிற சாக்கில் வரியைக் குறைத்துவிடுவார்களோ என்ற சந்தேகமும் இரண்டுக்கும் பொது. காவல் நிற்கும் வாசல்தான் வேறு.

அமெரிக்காவில் கூட்டு நிறுவனம் வருமான வரி கட்டுவதில்லை, கூட்டாளிகளே கட்டுகிறார்கள். ஆகவே காவல் பங்கீட்டின்மேல். கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியதை வரிச் சட்டத்தின் 704ஆம் பிரிவு ஏற்கிறது; ஆனால் அந்தப் பங்கீட்டுக்கு மெய்யான பொருளாதார விளைவு உண்டா என்றும் கேட்கிறது. 1970இல் தீர்ப்பான ஒரு வழக்கில், இரு தம்பதிகள் சேர்ந்து குடியிருப்புக் கட்டடங்களை வாங்கி நடத்தினார்கள். 1966இல், தேய்மானக் கழிவு முழுவதும் ஒரு தம்பதிக்கே என்று மாற்றிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கழிவால் பயனில்லை. வரி கட்டும் நிலையிலேயே அவர்கள் இல்லை. கட்டடத்தின் மதிப்பு நிஜமாகவே சரிந்தால் அந்த நட்டம் யாருடையது? கழிவை எடுத்துக்கொண்டவர்களுடையதுதான் என்று காட்ட முடியவில்லை. ஒதுக்கீடு செல்லவில்லை.

இந்தியாவில் நிறுவனமே 30 சதவீத வரி கட்டிவிடுகிறது. லாபப் பங்குக்குக் கூட்டாளி மறுபடி கட்ட வேண்டியதில்லை. தொண்ணூறுக்குப் பத்து என்று பிரித்தாலும் அதிகாரிக்கு அக்கறையில்லை. ஆனால் கூட்டாளிக்குத் தரும் சம்பளமும் வட்டியும் நிறுவனத்துக்குச் செலவு, வாங்குபவருக்கு வருமானம். குறைந்த வரி கட்டுபவர் பக்கம் அதைத் திருப்பிவிட்டால் மிச்சம்தானே! அங்கே பங்கீட்டில் செய்த வித்தை இங்கே சம்பளத்தில் நடக்கும். ஆகவே காவலும் இங்கேதான். வட்டிக்கு 12 சதவீத வரம்பு. சம்பளம், உழைக்கும் கூட்டாளிக்கு மட்டும். 2024 திருத்தத்துக்குப் பின், புத்தக லாபம் (கூட்டாளி சம்பளத்தைக் கழிக்கும் முன் உள்ள லாபம்) 10 லட்சம் என்றால் எல்லோர் சம்பளமும் சேர்த்து 7.80 லட்சம்வரைதான் செலவாக ஏற்கப்படும். அமெரிக்காவில் கூட்டாளி ஊதியத்துக்கு இப்படிச் சதவீதக் கணக்கு இல்லை.

அங்கே கேள்வி, இங்கே அளவுகோல். அளவுகோல் முரட்டுத்தனமானது, ஆனாலும் சிறு வியாபாரிக்குப் புரியும். அமெரிக்க விதிகளோ ஆடிட்டர்களையே திணறடிப்பவை.

கடுமையான அமெரிக்கச் சட்டம் தேதி விஷயத்தில் தாராளம் காட்டுவதுதான் வியப்பு. வருமானக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாள்வரை பத்திரத்தைத் திருத்தலாம். முடிந்த ஆண்டுக்கும் அது பொருந்தும். பங்கீட்டைக் கண்டுகொள்ளாத இந்தியச் சட்டமோ, பத்திரத் தேதிக்கு முந்தைய காலச் சம்பளத்தைச் செலவாக ஏற்பதில்லை. சம்பள விதியை மாற்ற நினைக்கும் கூட்டாளிகள் மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்குக் காத்திராமல் ஆண்டு தொடங்கும் ஏப்ரல் முதல் தேதிக்குள் எழுதிவிடுவது நல்லது.